டென்வர் பூங்காவில் உலவுவது பேயா, கொந்தராத்துக்காரனின் கணக்கா?

வாவிக்கரையான், மட்டக்களப்பு

ஆக்களே, ஒரு விஷயத்தைப் போட்டு உடைப்போம் என்று வந்தேன். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் சீஸ்மன் பூங்கா என்று ஒன்று இருக்கிறது. அந்த நாட்டில் பேய் உலவுகிற பொது இடங்களைப் பற்றி யார் கதைத்தாலும் அதன் பெயர் வந்துவிடும். ஏனென்றால் அது ஒரு பழைய சவக்காலையின் மேல் போட்ட பூங்கா. 1858இல் நகரம் உருவான கையோடு மேட்டுப் பக்கத்தில் 320 ஏக்கரைச் சவக்காலைக்கு ஒதுக்கினார்கள். நகரம் வளர்ந்ததும் அந்த மேடு பணக்காரர் வீடு கட்டுகிற இடமாகிவிட்டது. வீட்டு முன்னால் சவக்காலை என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? 1890இல் அமெரிக்கக் காங்கிரசில் அனுமதி வாங்கி அதைப் பூங்காவாக்கத் தீர்மானித்தார்கள். சொந்தக்காரர்கள் 90 நாளுக்குள் தங்கள் ஆக்களைத் தோண்டி எடுத்துப் போகலாம் என்று அறிவித்தல் வந்தது. வசதியானவர்கள் எடுத்தார்கள். ஏழைகள், ஊர்பேர் தெரியாதவர்கள், தொற்றுநோயில் போனவர்கள், தூக்கில் போனவர்கள் என்று 5000க்கும் மேல் அப்படியே கிடந்தார்கள். அதில் ஏறக்குறைய 2000 பேர் இன்றைக்கும் புல்லுக்குக் கீழேதான் என்கிறார்கள்.

பேய்க்கதைகளுக்குக் குறைவில்லை. இருட்டுப்பட்டால் மங்கலான உருவங்கள் திசை தெரியாமல் திரியுமாம். ஒரு பெண் தன்பாட்டில் பாடிக்கொண்டு வருவாள், கிட்டப் போனால் இல்லாமல் போய்விடுவாள். தோண்டின காலத்தில் சுற்றியுள்ள வீடுகளின் யன்னலில் திகைத்த முகங்கள் வந்து நின்றதாம். பெட்டியில் இருந்த பித்தளையைக் களவெடுத்த குழிவெட்டி ஒருத்தனின் தோளில் ஏதோ பொத்தென்று ஏறி இருந்து, அவன் வேலையை விட்டுவிட்டு ஓடினானாம். எனக்குப் பிடித்தது இது: பகலில் புல்லில் படுத்தவர்கள் சிலருக்கு எழும்ப முடியாமல் போகும், யாரோ கீழே இழுத்துப் பிடித்தது போல. மட்டக்களப்பான் பாயோடு ஒட்ட வைப்பான் என்று யாழ்ப்பாணத்தார் நம்மைச் சொல்வார்கள். நம்முடைய வித்தை டென்வர் வரை போயிருக்கிறது பாருங்கள்.

என் கட்சி இதுதான். நூறு வருசத்துக்கு மேலாக, ஒருவரையொருவர் அறியாத மனிசர்கள் ஒரே இடத்தைப் பற்றி ஒரே மாதிரிச் சொன்னால் அதில் ஏதோ இருக்கிறது. மறுப்பவர்கள் வரலாம்.

கணக்குவாத்தி, கல்லடி

வந்துவிட்டேன் தம்பி.

"ஒரே மாதிரிச் சொல்கிறார்கள்" என்பதை நீங்கள் சாட்சியாக எடுக்கிறீர்கள். பரீட்சை மண்டபத்தில் பக்கத்துப் பக்கத்து வாங்கில் இருந்த பத்துப் பொடியன்கள் ஒரே பிழையான விடையை எழுதினால் அந்த விடை சரியென்று நான் புள்ளி போடுவதில்லை, யார் யாரைப் பார்த்து எழுதினான் என்றுதான் தேடுவேன். சீஸ்மன் பூங்காவுக்கு இரவில் போகிறவன் கதையைக் கேட்டுவிட்டுத்தான் போகிறான்.

புல்லில் ஒட்டிக்கொள்வதற்கு மந்திரம் தேவையில்லை. கனவு வருகிற தூக்கத்தில் மூளை கைகாலை அசைய விடாமல் கட்டிப் போடும். இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவன் கட்டிலை விட்டு விழுவான். சில நேரம் முழிப்பு முந்திக்கொள்ளும், கட்டு பிறகுதான் அவிழும். அந்த இடைவெளியில் நெஞ்சில் ஆள் ஏறி இருக்கிற மாதிரி, பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரி இருக்கும். மல்லாந்து படுத்தால் இன்னும் வாய்ப்பு. பேய் அமுக்கினது என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான். வெயிலில் புல்லில் மல்லாந்து கண்ணயர்ந்தவனுக்கு வராமல் யாருக்கு வரும்?

இன்னொரு கணக்கு. நியூயோர்க்கில் வாஷிங்டன் சதுக்கம் என்றொரு பூங்கா. 1797 தொடக்கம் 1825 வரை அது ஏழைகளைப் புதைத்த இடம், ஏறக்குறைய 20,000 பேர். டென்வரில் இருப்பதைப் போல பத்து மடங்கு. பேயும் பத்து மடங்கு இருக்க வேண்டாமா? அங்கே பொடியன்கள் சதுரங்கம் ஆடுகிறார்கள்.

இரவுராசா, புளியந்தீவு

சேர், கணக்கெல்லாம் சரி. ராவு இரண்டு மணிக்கு வாவிக்கரையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? நான் காவல் வேலை. இடம் சொல்ல மாட்டேன், முதலாளி வாசிப்பார். தண்ணியில் யாரோ உடுப்பு அடிக்கிற சத்தம் வரும். தப், தப், மறுகா கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை, மறுகா தப். டோர்ச் அடித்தால் ஒரு குஞ்சும் இல்லை. எனக்கு முன்னால் இருந்த காவல்காரர் அந்த மூலைக் கதிரையில் இருக்கவே மாட்டார். ஏன் என்று கேட்டதற்கு "நீ இருந்து பார்" என்று மட்டும் சொன்னார்.

கணக்குவாத்தி, கல்லடி

வலை போட்டவன் சவளால் தண்ணியில் அடித்து மீனைக் கலைக்கிறான் தம்பி. வாவியில் சத்தம் நெடுந்தூரம் போகும், உங்கள் டோர்ச் அவ்வளவு தூரம் போகாது.

இரவுராசா, புளியந்தீவு

அதை நான் யோசிக்காமல் இருப்பேனா சேர்? எங்கள் மாமாவே வாவியில் தொழில் செய்கிறவர். தோணிக்காரன் என்றால் விளக்கு இருக்கும், பீடி நெருப்பாவது தெரியும், இருமுவான், ஒரு தூசணமாவது வரும்.

வாவிக்கரையான், மட்டக்களப்பு

ஹா ஹா, கடைசிச் சாட்சியம்தான் பலமானது.

சேர், சத்தம் என்று நீங்களே தொடக்கிவிட்டீர்கள். மீன் பாடும் தேன்நாடு என்று ஊருக்கே பெயர். அந்தப் பாட்டை யார் பாடுகிறது? 1848இல் வெள்ளைக்கார ஆட்சியின் குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ட் இரவில் தோணியில் போய்க் கேட்டு எழுதி வைத்தார். கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈரவிரலால் தேய்த்தால் வருகிற மாதிரி மெல்லிய நாதம் என்றார், தோணிப் பலகையில் காதை வைத்தால் கூடுகிறது என்றார். நம் மீனவர் அவரிடம் சொன்னது மீன் அல்ல, ஊரி என்று. அவரும் சிப்பி வகைகளைத்தான் சந்தேகப்பட்டார். பிறகு இயேசு சபைக் குரு லாங் அடிகளார் ஒலிப்பதிவு செய்து இலங்கை வானொலியிலேயே போனது. ஆனால் பாடுவது மீனா ஊரியா என்று இன்றைக்கும் ஊரில் இரண்டு கட்சி. கல்லடிப் பாலத்துக்குக் கீழே பாடுவது யாரென்று முடிவாகவில்லை, டென்வரில் பாடுகிற பெண் இல்லை என்று மட்டும் உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?

கணக்குவாத்தி, கல்லடி

நல்ல அடி. ஆனால் அது என் பக்கம்தான் விழுகிறது. லாங் அடிகளார் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்தார் என்று நீங்களே சொல்கிறீர்கள். நம்பாதவன் கேட்டாலும் அது கேட்கும். பௌர்ணமி இரவில் துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணியில் விட்டு மறுநுனியைக் காதில் வைத்தால் கிறிஸ்தவனுக்கும் கேட்கும், சைவனுக்கும் கேட்கும், முஸ்லிமுக்கும் கேட்கும். பாடகர் யாரென்று தெரியாதது ஒரு கேள்வி. பாட்டே இருக்கிறதா என்பது வேறு கேள்வி. டென்வர்ப் பெண் இரண்டாவதிலேயே நிற்கிறாள்.

நான் சொல்ல வந்தது வேறு. தம்பி போட்ட கதையில் நடுப்பகுதியை விழுங்கிவிட்டார். மிச்சம் கிடந்த 5000 பேரையும் எடுக்க நகரசபை 1893இல் ஒரு கொந்தராத்து விட்டது. எடுத்தவர் மக்கவர்ன் என்கிற பிரேதப்பெட்டிக்காரர். கூலி ஒரு பெட்டிக்கு 1 டொலர் 90 சதம். கவனியுங்கள், பெட்டிக்கு. பெட்டியின் அளவு நீளம் மூன்றரை அடி, அகலம் ஒரு அடி. வளர்ந்த மனிசன் அதற்குள் போவானா? வெட்டித்தான் போட வேண்டும். வெட்டினால் ஒரு ஆள் இரண்டு பெட்டி, மூன்று பெட்டி ஆவான். மூன்றானால் 5 டொலர் 70 சதம். சனம் வேடிக்கை பார்க்க வந்து நின்ற பட்டப்பகலில் மண்வெட்டியாலும் கோடரியாலும் இது நடந்தது. டென்வர் ரிப்பப்ளிக்கன் பத்திரிகை அதை அம்பலப்படுத்த, நகரபிதா கொந்தராத்தை நிறுத்தினார். நிறுத்தினதோடு சரி. இன்னொரு ஆளிடம் வேலையைக் கொடுத்து முடிக்கவில்லை. திறந்த குழிகளை வேலி போட்டு மறைத்து, பிறகு நிரவி, மரம் நட்டு, புல் போட்டார்கள்.

இவ்வளவும் பத்திரிகையில் வந்தது. இன்றைக்கு சீஸ்மன் பூங்கா என்றால் சனம் என்ன கேட்கிறது? "பேய் இருக்குதாமே?" என்று. களவெடுத்தவன் தப்பினான், பாதியில் விட்ட நகரசபை தப்பியது. பேய்க்கதை அவர்களுக்குச் செய்த உபகாரத்தை எந்தச் சட்டத்தரணியும் செய்திருக்க முடியாது. அதனால்தான் எனக்கு இந்தக் கதைகளில் எரிச்சல். பயந்தாங்கொள்ளித்தனத்தை நான் மன்னிப்பேன், இதை முடியாது.

டென்வர்ப் பொடியன், முன்பு வந்தாறுமூலை

வணக்கம். நான் அந்தப் பூங்காவுக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறேன், நாயைக் கொண்டு போவது அங்கேதான். நீங்கள் இரண்டு பேரும் ஏதோ பாழடைந்த இடத்தைப் பற்றிக் கதைக்கிற மாதிரி இருக்கிறது. நடுவில் தூண் வைத்த வெள்ளைக்கல் மண்டபம், முன்னால் பெரிய புல்வெளி. கலியாணப் படம் எடுப்பார்கள், பந்தடிப்பார்கள். கோடையில் வெயில் காய்கிறவர்களைத் தாண்டி நடக்கவே இடமிராது. எழும்ப முடியாமல் கிடந்த ஒருத்தரையும் நான் காணவில்லை. குடித்துவிட்டுக் கிடந்தவர்கள் கணக்கில் வராது.

ஒன்று மட்டும் சொல்லலாம். வெயில் சரிந்து விழுகிற நேரத்தில், முக்கியமாகப் புல் கட்டையாக இருக்கிற குளிர்காலத்தில், தரையில் நீள்சதுரமான பள்ளங்கள் தெரியும். ஆழமில்லை, கணுக்கால் அளவுகூட வராது. நிழல் விழுந்தால்தான் கண்ணுக்குப் படும். முதலில் நான் நிலம் சமன் செய்த விதம் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுக் கிழவர்தான் "மண் இறங்கியிருக்கிறது, கீழே பெட்டி உக்கியிருக்கிறது" என்று சாதாரணமாகச் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தால் நடக்கும்போது நான் பள்ளத்தைச் சுற்றித்தான் போகிறேன். பேயை நம்பி இல்லை, கால் தானாக விலகுகிறது. நாய் நேராகப் போகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தச் சவக்காலையில் எல்லாரும் ஒரே மாதிரிக் கைவிடப்படவில்லை. கத்தோலிக்கருக்குத் தனிப் பகுதி. அதற்குத் திருச்சபை இருந்தது, உறுதி இருந்தது. 1950இல் அவர்களை முறையாக எடுத்து வேறு இடத்தில் அடக்கினார்கள், இப்போது அங்கே தாவரவியல் பூங்கா. யூதர்கள் தங்கள் ஆக்களைத் தாங்களே எடுத்தார்கள். சீனர்கள் எலும்பை ஊருக்கே அனுப்பினார்கள். கடைசியில் கிடந்தது கேட்க ஆள் இல்லாதவர்கள். 2010இல் தண்ணிக்குழாய் போடத் தோண்டினபோதும் எலும்புக்கூடுகள் வந்தன.

பூங்காவுக்குப் பெயர் வந்தது யாரால் தெரியுமா? வோல்டர் சீஸ்மன், நகரத்துக்குத் தண்ணீர் விற்ற கம்பனிக்காரர். அவர் செத்த பிறகு குடும்பம் மண்டபத்துக்குக் காசு கொடுத்தது, 1907இல் பெயர் மாறியது. கீழே கிடக்கிற 2000 பேரில் ஒருத்தர் பெயரும் எனக்குத் தெரியாது. மேலே இருக்கிற பெயரை நாய்க்குட்டிக்கும் தெரியும்.

காரைதீவுக்காரி

தம்பி டென்வரில் இருந்து கொண்டுவந்த அந்த ஒரு வரிக்காக நான் எழுதுகிறேன். "கேட்க ஆள் இல்லாதவர்கள்." நம் அப்பம்மா அம்மம்மா எல்லாரும் இதைத்தானே சொல்லி வைத்தார்கள்? எட்டு, முப்பத்தொன்று, திவசம் எல்லாம் ஒழுங்காக நடந்தவன் பேயாவதில்லை. செய்ய ஆள் இல்லாதவன், எங்கே செத்தான் என்று தெரியாதவன், பாதியில் போனவன், அவர்கள்தான் வந்து நிற்பார்கள். நான் தாதி. வார்டில் ராவு வேலை செய்திருக்கிறேன், ஒரு பேயையும் காணவில்லை. ஆனாலும் கணக்குவாத்தியார் சேருடன் எனக்கு உடன்பாடு இல்லை.

சேர், பேய்க்கதை களவை மறைத்தது என்கிறீர்கள். நான் கேட்கிறேன், உங்களுக்கு அந்த 1 டொலர் 90 சதம் எப்படித் தெரிய வந்தது? 1893இல் அமெரிக்காவில் நகரசபைக் கொந்தராத்தில் களவு செய்தவன் மக்கவர்ன் ஒருத்தன்தானா? எத்தனையோ பேர் செய்திருப்பார்கள். அவர்கள் பெட்டியின் நீள அகலம் கல்லடியில் இருக்கிற உங்களுக்குப் பாடமா? பேய் இருந்தபடியால்தான் அந்தப் பத்திரிகைச் செய்தியை ஆக்கள் திரும்பத் திரும்பத் தோண்டி எடுத்தார்கள். கோப்பு மறந்துவிடும் சேர். பயம் மறக்காது.

சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். பொழுதுபட்டால் றோட்டுக்குக் கடற்கரைப் பக்கம் யாரும் போகமாட்டார்கள். கிணற்றடியில் பிள்ளை அழுகிற சத்தம், வாசலில் ஈரக்கால் அடையாளம் என்று வீட்டுக்கு ஒரு கதை. மீன் வாங்க ஆள் இல்லை, மாதக்கணக்கில். எங்கள் அம்மா பாரைக் குழம்புக்குச் சட்டி எடுத்தாலே அழுவா. பிறகு தூபி வந்தது, டிசம்பர் 26இல் விளக்கு வைத்தார்கள், அவரவர் வீட்டில் படைத்தார்கள். கதைகள் மெல்லக் குறைந்தன. இப்போது அந்தக் கடற்கரையில் பொடியன்கள் ராவு பத்து மணிக்கும் இருந்து பாட்டுக் கேட்கிறார்கள்.

கணக்குவாத்தி, கல்லடி

பிள்ளை, கல்லடியும் நாவலடியும் அன்றைக்கு என்ன பட்டது என்று எனக்குத் தெரியும், அந்தத் துக்கத்தில் நான் கை வைக்கவில்லை. ஆனால் கதைகள் குறைந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு: லைட் வந்தது. அழிந்த வீடு போய்ப் புது வீடு வந்தது, சனம் திரும்பி வந்தது. இருட்டும் வெறுமையும் போனால் பேயும் போகும்.

காரைதீவுக்காரி

லைட்டும் வந்தது, விளக்கும் வைத்தார்கள். இரண்டும் ஒரே காலத்தில் நடந்தால் எது காரணம் என்று எப்படிப் பிரிப்பீர்கள், கணக்கு வாத்தியாரே?

இரவுராசா, புளியந்தீவு

அக்கா போட்டா ஒரு போடு.

அக்கரைப்பற்றான்

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் இடம் தாருங்கள்.

எங்கள் மார்க்கத்தில் மவுத்தானவரின் றூஹு, அதாவது ஆன்மா, புல்வெளியில் திரியாது. அது போக வேண்டிய இடத்துக்குப் போய்விடும், மறுமை வரை அங்கேதான். ஜின் என்பது வேறு படைப்பு, அது உண்டு. ஆள் இல்லாத இடத்தில் அது ஆளின் சாயலில் வந்து விளையாடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆகவே இரவுராசா தம்பி கேட்ட சத்தத்தை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது செத்தவர் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளவும் மாட்டேன்.

இப்போது ராத்தாவிடம் ஒரு கேள்வி. பயம் மறக்காது என்றீர்கள். 1990 ஜூலையில் குருக்கள்மடத்தில் எங்கள் பயணிகளைக் கடத்திக் கொன்றார்கள், ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்களும் அதில் இருந்தார்கள். கடற்கரையோரம் புதைத்தார்கள் என்று ஊருக்கே தெரியும். அந்தப் பக்கத்தால் இரவில் போகப் பயந்தவர்கள் எத்தனையோ பேர், கதைகளும் எத்தனையோ. அந்தப் பயத்தால் ஒரு மையித்தாவது வெளியே வந்ததா? முறைப்பாடு கொடுத்து, களுவாஞ்சிக்குடி நீதிமன்றத்தில் ஏறி, தோண்டித் தாருங்கள், ஜனாஸாத் தொழுது மையவாடியில் அடக்குகிறோம் என்று கேட்ட குடும்பத்தார்தான் விஷயத்தை உயிரோடு வைத்திருக்கிறார்கள். அவர்கள் ஜின்னைப் பற்றி ஒரு வசனமும் எழுதவில்லை. எழுதியிருந்தால் நீதவான் சிரித்திருப்பார்.

வாவிக்கரையான், மட்டக்களப்பு

நானா சொன்னதற்கு மறுப்பில்லை. அதே வருசம் செப்டம்பர் 9 சத்துருக்கொண்டான் படுகொலையும் இருக்கிறது. அங்கே தூபி நிற்கிறது, ஒவ்வொரு வருசமும் போகிறார்கள். கொன்றவனைக் கூண்டில் ஏற்றின ஆள் இல்லை. அப்போ தூபியாலும் ஆகவில்லை, வழக்காலும் முடியவில்லை, பேயாலும் ஆகவில்லை. பேயை மட்டும் ஏன் குற்றம் சொல்கிறீர்கள்?

கணக்குவாத்தி, கல்லடி

ஏனென்றால் மற்ற இரண்டும் யாரையோ பார்த்துக் கேட்கின்றன. பேய் யாரையும் கேட்பதில்லை.

நம்மூர்ப் பூங்காவையே எடுங்கள். காந்தி பூங்கா, வாவிக்கரை. வந்து ஒரு வருசம் முடியுமுன் 1815இல் இங்கேயே காலமான வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் சிலை நிற்கிறது. பொழுதுபட்டால் சின்னப் பிள்ளைகள் அதைப் பார்த்துப் பயப்படுவது உண்டு, அது வேறு கதை. அந்தப் பூங்காவில் வருசக்கணக்காக வந்து நிற்பவர்கள் யார்? காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார். நெஞ்சில் படம் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கிறார்கள். அவர்களிடம் போய் "அம்மா, உங்கள் மகன் ராவில் வருகிறானா?" என்று கேட்டுப் பாருங்கள். செருப்பு வரும், வர வேண்டும். அவர்களில் எத்தனையோ பேர் மரணச் சான்றிதழ் வேண்டாம் என்று தள்ளினார்கள், எட்டும் செய்யவில்லை, முப்பத்தொன்றும் செய்யவில்லை. அவனைக் கொண்டுபோனவனே அவன் எங்கே என்று சொல்ல வேண்டும் என்பதுதான் அவர்கள் நியாயம். ஆளைப் பேயாக்க வேண்டுமென்றால் முதலில் அவன் செத்தான் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். பேய்க்கதை அந்தத் தாய்க்குச் செய்கிற அநியாயம் அது. அவள் ஒத்துக்கொள்ளாததை நீங்கள் ஒத்துக்கொண்டுவிட்டுப் பிறகு பயப்படுகிறீர்கள்.

காரைதீவுக்காரி

இதற்கு நான் உடனே பதில் எழுத வரவில்லை. கொஞ்சம் வேலை இருந்தது, யோசிக்கவும் இருந்தது.

காணாமல் ஆக்கப்பட்டவர்கள் விஷயத்தில் நீங்கள் சொல்வது வேறு வழக்கு, அதை நான் டென்வரோடு கலக்கவில்லை. அங்கே தாய்மார் நிற்கிறார்கள், ஆகவே பேய் தேவையில்லை. சீஸ்மன் பூங்காவில் யார் நிற்கிறார்கள்? 1890இல் அந்த 90 நாள் அறிவித்தலைப் பார்த்து ஓடி வர ஒருத்தரும் இல்லாதவர்கள் அவர்கள். அவர்களுக்காகப் படம் பிடிக்க ஆள் இல்லை. ஆள் இல்லாத இடத்தில்தான் ஊர் ஒரு பேயைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. நல்ல வேலைக்காரி இல்லைத்தான். யார் செய்தது என்று சொல்லாது, காசைத் திருப்பிக் கேட்காது. ஆனால் அந்த இடத்தை விட்டுப் போகாது.

கணக்குவாத்தி, கல்லடி

பிள்ளை, அப்படியென்றால் ஒரு பரிசோதனை. மக்கவர்ன் பெட்டியில் அடைத்தவற்றை எங்கே கொண்டுபோனான்? ரிவர்சைட் என்கிற வேறொரு சவக்காலைக்கு. ஆக, வெட்டுப்பட்டவர்கள் பெரும்பாலும் ரிவர்சைட்டில். கை படாமல் அப்படியே கிடக்கிறவர்கள்தான் பூங்காவில். கோபம் யாருக்குக் கூட இருக்க வேண்டும்? ஆளை மூன்றாக வெட்டி, முன்பின் தெரியாதவனின் காலோடு சேர்த்து அடைத்தால் எனக்கென்றால் ரிவர்சைட்டில்தான் பேயாட்டம் நடக்க வேண்டும். ஆனால் பெயர் போனது பூங்கா. ஏன்? ராவில் நடந்து போக, காதலியோடு இருக்க, பயந்து ஓடிவந்து சொல்ல ஆள் இருப்பது பூங்காவில்தான். பார்க்க ஆள் இருக்கிற இடத்தில் மட்டும் பேய் இருக்கிறது.

டென்வர்ப் பொடியன், முன்பு வந்தாறுமூலை

ரிவர்சைட்டுக்கு நான் போயிருக்கிறேன் சேர். தொழிற்சாலைப் பக்கம், றெயில் பாதைக்குக் கிட்ட. தண்ணீர் உரிமை இல்லாமல் போய்ப் புல்லெல்லாம் காய்ந்து, மரங்களும் பட்டு நிற்கின்றன. சனம் போவது குறைவு. சீஸ்மனில் கிடக்கிறவர்களுக்கு நகரசபை ஒவ்வொரு கோடையும் தண்ணி தெளிக்கிறது. பேய்ச் சுற்றுலாக்காரரும் இங்கேதான் ஆக்களைக் கூட்டிவருகிறார்கள், காசுக்கு.

காரைதீவுக்காரி

பார்க்க ஆள் இருக்கிற இடத்தில் மட்டும் பேய் இருக்கிறது என்று சேர் எழுதினதை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். என் கட்சியே அதுதான். ரிவர்சைட்டில் கிடக்கிறவர்களை உங்களுடைய 5 டொலர் 70 சதக் கணக்கு காப்பாற்றவில்லை, அங்கே பேயும் இல்லை, ஆளும் இல்லை. பூங்காவில் இருப்பவர்களைப் பற்றியாவது காசு கொடுத்துக் கேட்கிறார்கள்.

கணக்குவாத்தி, கல்லடி

காசு யாருக்குப் போகிறது என்று கேளுங்கள் பிள்ளை. 1893இலும் ஒருத்தன் இவர்களை வைத்துத் தலைக்கு இவ்வளவு என்று சம்பாதித்தான், இப்போதும் ஒருத்தன் தலைக்கு இவ்வளவு என்று சம்பாதிக்கிறான்.

அக்கரைப்பற்றான்

அந்தச் சுற்றுலாவில் மக்கவர்ன் பெயரைச் சொல்கிறார்களா, டென்வர்த் தம்பி? சொன்னால் நான் ராத்தா பக்கம். யன்னலில் முகம் தெரிந்தது என்பதோடு நிறுத்தினால் சேர் பக்கம்.

டென்வர்ப் பொடியன், முன்பு வந்தாறுமூலை

நான் காசு கொடுத்துப் போனதில்லை நானா. கூட்டத்துக்குப் பின்னால் நாயோடு நடந்தபோது காதில் விழுந்ததைச் சொல்கிறேன். பெயரைச் சொல்கிறார்கள். பெட்டியின் அளவையும் கையை விரித்துக் காட்டுகிறார்கள். நிறுத்தியவன் ஏன் வேலையை முடிக்கவில்லை என்று ஒரு பெண் கேட்டா, அதற்கு வழிகாட்டி "இப்போது மண்டபத்தடிக்குப் போவோம்" என்றார்.

கணக்குவாத்தி, கல்லடி

அந்தப் பெண் நல்ல மாணவி.

இரவுராசா, புளியந்தீவு

நானா, தண்ணியில் தப் தப் என்கிறது ஜின் என்றால் என்ன ஓத வேண்டும்? நான் சைவம், பரவாயில்லையா?